அட்டை கிழிந்த டிராகன்

கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும். தேடிப் போன புத்தகம் கிடைக்காது. தேடாத ஒன்று கையைப் பிடித்துக்கொள்ளும். 1990களின் கடைசியில் லயன் காமிக்ஸின் பழைய கோடை மலர் ஒன்றுக்காக அங்கே கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கடைக்காரர், பொறியியல் கைடுகளின் அடியிலிருந்து அட்டையில்லாத ஆங்கில இதழ் ஒன்றை உருவி முன்னால் போட்டார்.

"காமிக்ஸ் இல்லீங் தம்பி. இதுல படமெல்லாம் நல்லா இருக்குது. டிராயிங் போடற பசங்க வாங்கிட்டுப் போவாங்க. பத்து ரூவா குடுங்க, போதும்."

வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒன்றும் புரியவில்லை. வாள் ஏந்திய வீரர்கள், சிறகு விரித்த பூதங்கள், நடுநடுவே எண்கள் நிரம்பிய அட்டவணைகள். கதை மாதிரியும் இருந்தது, கணக்கு நோட்டு மாதிரியும் இருந்தது. ஒரே ஒரு பகுதிதான் உடனே புரிந்தது: வாசகர் கடிதம். முந்தைய இதழில் வந்த ஒரு கட்டுரை முழுத் தவறு என்று ஒருவர் சண்டைக்கு நின்றார். பழைய இதழ் எங்கே கிடைக்கும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இந்தக் குரல்களை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருந்த சித்திரக்கதை இதழ்களின் கடைசிப் பக்கங்களில் இதே ஆட்கள்தான் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அது 'டிராகன்' என்ற அமெரிக்க மாத இதழ் என்பதும், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டைச் சுற்றி வளர்ந்த ஒன்று என்பதும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த விளையாட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அதன் பெரும்பகுதி சிறுபத்திரிகைகளின் வரலாறாக இருப்பதைப் பார்த்தேன். அது ஏன் கொங்கு நாட்டு ஆள் ஒருவனுக்கு முக்கியம் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

மேசையைச் சுற்றி நாலு பேர்

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அதில் ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நொய்யல் கரை. இருட்டிக்கொண்டு வருகிறது. எதிர்க்கரையில் ஒரு பந்தம் தெரிகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். ஒருவர் நீந்திப் போகிறேன் என்பார், இன்னொருவர் குரல் கொடுத்துப் பார்க்கிறேன் என்பார். நீந்தியவர் கரை சேர்ந்தாரா என்பதைப் பகடை சொல்லும். வெற்றி தோல்வி கிடையாது. கதை அடுத்த வாரமும் தொடரும். தாயமும் கதாகாலட்சேபமும் ஒரே திண்ணையில் நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரி.

இதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் கேரி கைகாக்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூர்க்காரர். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து, அது போன பிறகு வீட்டின் கீழ்த்தளத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். பொழுதுபோக்கு, பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் பழைய போர்களை மறுபடி நடத்துவது. 1968இல் அவ்வூரில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து இந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கு ஒரு கூடுகை நடத்தினார். அதுதான் இன்றைய ஜென் கான் திருவிழாவின் தொடக்கம். மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர், படைகளை நகர்த்துவதை விட்டுவிட்டு ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஆளாக ஆடினால் என்ன என்று முயன்றுகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்ததில் பிறந்ததுதான் இந்த ஆட்டம். பெரிய பதிப்பகம் எதுவும் ஏற்காததால், 1973இல் கைகாக்ஸும் பால்ய நண்பர் டான் கேயும் டிஎஸ்ஆர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1974இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர், மொத்தம் 1,000 பிரதிகள். பெட்டிகளை வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பினார்கள்.

அந்த மூன்று நூல்களில் ஆட்டம் முழுதாக இல்லை என்பதுதான் வேடிக்கை. சண்டை விதிகளுக்கு இதற்கு முன் வந்த இன்னொரு நூலைப் பார்க்கச் சொன்னது. காட்டு வழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் ஆட்டப் பலகையை வாங்கிக்கொள்ளச் சொன்னது. பல பக்க முகம் கொண்ட பகடைகள் பள்ளிக்கூடக் கணிதப் பொருள் விற்கும் நிறுவனங்களிடமிருந்து வந்தன. விதி போதாத இடத்தில் ஆடுகிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். வாங்கியவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு தங்கள் ஊரில் தங்களுக்குத் தோன்றியபடி ஆடினார்கள். அடுத்த ஊரில் எப்படி ஆடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் இதழ் தேவைப்பட்டது.

ஓட்டையை அடைத்த இதழ்கள்

1975இல் டிஎஸ்ஆர் 'ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' என்ற ஆறு பக்கச் செய்தி மடலைக் கொண்டுவந்தது. ஏழு இதழ்களோடு அதை நிறுத்திவிட்டு 1976 ஜூனில் 'டிராகன்' இதழைத் தொடங்கினார்கள். டிம் காஸ்க் ஆசிரியர். அதே 1975இல் லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற ஒன்றை ஆரம்பித்தார். இதன் நடைமுறை நம் கையெழுத்துப் பத்திரிகைக்காரர்களுக்குப் பழக்கமானது. எழுதுகிறவர்கள் அவரவர் பக்கங்களை அனுப்புவார்கள், லீ கோல்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் அடுத்த மாதம் பதில் எழுதுவார். வாசகர்கள் என்று தனியாக யாரும் இல்லை, பெரும்பாலோர் எழுதுகிறவர்களே. ஏறத்தாழ 50 ஆண்டுகள் அதை அவர் நடத்தினார். 

லண்டனில் ஒரு வாடகை வீட்டிலிருந்து இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் 1975இல் கேம்ஸ் வொர்க்ஷாப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் நடத்திய 'ஔல் அண்ட் வீசல்' என்ற சிறு மடல் டிஎஸ்ஆர்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பதிலாக ஒரு பெட்டி வந்தது. நண்பர்கள் உடனே ஆறு பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அந்த ஆறு பெட்டி வியாபாரத்துக்கு ஐரோப்பா முழுவதற்குமான விற்பனை உரிமை கிடைத்தது. 1977 ஜூனில் மடலை மூடிவிட்டு 'ஒயிட் ட்வார்ஃப்' இதழைக் கொண்டுவந்தார்கள்.

ஒயிட் ட்வார்ஃபில் 'ஃபீண்ட் ஃபேக்டரி' என்று ஒரு பகுதி. வாசகர்கள் தாங்களே உருவாக்கிய பூதங்களை எழுதி அனுப்பலாம். அதில் நல்லவற்றைத் தொகுத்து 1981இல் டிஎஸ்ஆர் 'ஃபீண்ட் ஃபோலியோ' என்ற நூலாகப் போட்டது. அந்தப் பூதங்களில் புகழ்பெற்ற சிலவற்றை எழுதியனுப்பியவர் அப்போது பள்ளி வயதுப் பையன். பெயர் சார்லஸ் ஸ்ட்ராஸ், பிற்பாடு அறிவியல் புனைவில் பெரிய பெயர் எடுத்தவர். பையன் தன் பூதக் கூட்டத்துக்கு 'கித்யாங்கி' என்று வைத்த பெயரும் சொந்தச் சரக்கில்லை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. ஒரு வாசகன் இன்னொரு எழுத்தாளனிடம் கடன் வாங்கி, இதழுக்கு அனுப்பி, அது நூலாகி, இன்றைக்கும் உலகம் முழுக்க ஆடப்படுகிறது. விதிகளில் ஓட்டை இருந்ததால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். ஆட்டம் முழுமையாக வந்திருந்தால் வாசகன் வாங்கி ஆடிவிட்டுப் போயிருப்பான்.

பிறகு நடந்தது வழக்கமான கதை. 1980களின் பிற்பகுதியில் ஒயிட் ட்வார்ஃப் தன் நிறுவனத்தின் சொந்தப் பொருள்களுக்கு மட்டுமான இதழாகச் சுருங்கியது. 1997இல் கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 1999இல் டிராகனின் முதல் 250 இதழ்கள் ஒரு குறுந்தட்டுத் தொகுப்பாக வந்தன. அப்போது, எழுதியவர்களிடம் மறுபதிப்பு உரிமை கேட்டீர்களா என்ற சண்டை எழுந்தது. 2007இல் 359ஆம் இதழோடு அச்சு டிராகன் நின்றது.

சிவகாசி அச்சு, கொங்கு வாசகர்

இந்த ஆட்டம் அந்த ஆண்டுகளில் தமிழில் வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. ஆங்கில விதிநூல், டாலர் விலை, வாரம் ஒருநாள் பல மணி நேரம் உட்கார ஒரு மேசை என மூன்றும் வேண்டும். மில் ஷிஃப்டுக்கும் தறிச்சத்தத்துக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே? ஆனால் அதன் பங்காளி ஒன்று வந்தது.

1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வகத்தில் வேலை செய்யும் லூயிஸ் கிராண்டெல், இரும்புக்கையோடு மின்சாரம் பட்டால் கை மட்டும் தெரிய உடல் மறைந்துவிடும். பிரிட்டனில் 1962இல் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய கதை. 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பதின்பருவம் தாண்டாத வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. காந்திபுரம், ஈரோடு, பொள்ளாச்சி பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய இதழ்களை அண்ணாந்து பார்த்தபடி வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது.

நாங்கள் உயிரை விட்டுப் படித்த அந்தக் கதைகளை எழுதியது யார், வரைந்தது யார் என்று எங்களுக்குத் தெரியாது. பிரிட்டிஷ் வார இதழ்களே பெயர் போடுவதில்லை. இரும்புக்கை மாயாவியை எழுதியவர் கென் பல்மர் என்ற அறிவியல் புனைகதையாளர், வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். 'ஸ்பைடர்' என்ற குற்றச் சக்கரவர்த்தியின் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். அந்தப் பாத்திரத்தின் உரிமையை இழந்துவிட்டுப் பிழைப்புக்கு எழுதிக்கொண்டிருந்தவர். உலகப் புகழ்பெற்ற ஒரு மனிதர் பெயரில்லாமல் எழுதிய கதையைத்தான் தாராபுரத்திலும் கோபியிலும் பையன்கள் பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தார்கள்.

'லயன்', 'வேலியன்ட்' என்ற அந்த பிரிட்டிஷ் வார இதழ்கள் 1974லும் 1976லும் நின்றுபோயின. ஒயிட் ட்வார்ஃப் வந்தது 1977இல். அங்கே சித்திரக்கதை படித்து வளர்ந்த தலைமுறை அடுத்த கட்டமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து தானே கதை கட்டத் தொடங்கியது. கேம்ஸ் வொர்க்ஷாப் 1985இல் 'ஜட்ஜ் ட்ரெட்' சித்திரக்கதையையே ஒரு வேடமேற்பு ஆட்டமாகப் போட்டது. நமக்கு அந்த முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்தது. இரண்டாம் பாதிக்கான கப்பல் கிளம்பவே இல்லை.

அதற்குப் பதிலாக நம் வாசகர்கள் வேறொன்றைச் செய்தார்கள். பட்டியல் போட்டார்கள். எந்த இதழ் எந்த மாதம், எது தீபாவளி மலர், எது வராமலே போனது. தமிழில் தொடர்கள் வரிசையாக வருவதில்லை. 'ரத்தப் படலம்' என்ற பெயரில் வந்த பதின்மூன்று என்ற ஞாபகமறதிக்காரனின் கதை விட்டு விட்டுப் பல ஆண்டுகள் நீண்டது. அவனுக்கு நினைவு திரும்புவதற்குள் படித்தவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையே பிறந்துவிட்டது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கேட்டு, 2010இல் ஒரே தொகுப்பாகவும் பின்னர் 2018இல் வண்ணத்திலும் வாங்கிவிட்டார்கள். விஜயன் தன் 'ஹாட்லைன்' பக்கத்தில் காகித விலை முதல் உரிமத் தொகைச் சங்கடம் வரை வாசகர்களிடம் வீட்டு ஆளிடம் பேசுவதுபோலப் பேசினார். தடுமாறி நின்ற இதழ் 2012இல் மீண்டும் எழுந்ததற்கு இந்த உறவே காரணம்.

இந்த உறவைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஈரோட்டுக்குப் போக வேண்டும். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன், முத்து வாசகர்கள் கூடுகிறார்கள். லயனின் முப்பதாம் ஆண்டையொட்டி வந்த மேக்னம் ஸ்பெஷல் 2014இல் அங்கேதான் வெளியானது. நரைத்த தலைகள், தொப்பை, கையில் பேரன். "ஏனுங்க, டெக்ஸ் வில்லர் அடுத்த மாசம் வருதுங்களா?" என்று ஆசிரியரைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தால், லேக் ஜெனிவா மண்டபத்தில் கூடிய அந்தக் கூட்டமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றும்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்த மண்டபத்திலிருந்து வெளியே வந்தவர்கள் புதிய பூதங்களைச் செய்தார்கள். நம்மவர்கள் ஐரோப்பிய வீரர்களைக் காப்பாற்றினார்கள். உரிமம் வாங்கி மொழிபெயர்க்கும் கதையில் வாசகன் கை வைக்க இடமில்லை. அவன் காவலனாக இருக்கலாம், படைப்பாளியாக முடியாது. இது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் ஓட்டையுள்ள விதிநூலுக்கும் முடிந்துபோன கதைக்கும் இடையிலான வித்தியாசம் இவ்வளவு பெரியது.

படுகளத்தில் விழுந்தவர்கள்

கை வைக்கச் சொந்தக் கதை இல்லாத ஊரா இது?

1965இல் பிரெண்டா பெக் என்ற இளம் மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது, இராமசாமி என்ற பாடகரும் அவர் உதவியாளரும் உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள், கொம்பன் என்ற ராட்சதப் பன்றி, வேட்டுவர்களோடு போர், வீரமலைக் காடு. பெக் பின்னர் அதே பாடகரை உட்கார வைத்துச் சொல்லச் சொல்லி எழுதியும் வாங்கினார். எதிரில் ஊர் உட்கார்ந்து கேட்கும்போது பாடிய கதையும் எழுதுபவருக்காகச் சொன்ன கதையும் ஒன்றாக இல்லை. கேட்பவர்கள் இல்லாதபோது கதை சுருங்கிவிட்டது. ஒலிநாடாவின் முழுப்பாடம் தமிழும் ஆங்கிலமுமாக 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் இரு தொகுதிகளாக வந்தது.

1971இல் கோவையில் 'வானம்பாடி' தொடங்கியது. விலையிலாக் கவிமடல் என்று அச்சிட்டு இலவசமாகக் கொடுத்த இதழ். புவியரசு, ஞானி, சிற்பி, முல்லை ஆதவன் எனக் கூடிய கூட்டத்தில் சக்திக்கனலும் ஒருவர். அதே 1971இல்தான் அவர் அண்ணன்மார் சுவாமி கதையை ஏட்டுப் பிரதியிலிருந்து பதிப்பித்தார். புதுக்கவிதை மடலும் நாட்டார் காவியமும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே வட்டத்திலிருந்து அச்சேறின. அடுத்த ஆண்டு இரும்புக்கை மாயாவி பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தான். மூன்றும் பழைய புத்தகக் கடையில் இன்று பக்கத்துப் பக்கத்து அடுக்கில் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் வேறு வேறு ஆட்கள்.

படுகளம் பார்த்திருக்கிறீர்களா? கதை முடியும் இரவில் வீரர்களாக வரித்துக்கொண்டவர்கள் அருள் வந்து களத்தில் விழுவார்கள். செத்தவர்களாகவே கிடப்பார்கள். துணி போர்த்துவார்கள். பெண்கள் அழும் அழுகை நிஜ அழுகை. பிறகு தங்காளாக நிற்பவர் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டும். சின்ன வயதில் எங்கள் தெருக்காரர் ஒருவர் விழுந்து கிடந்ததைப் பார்த்துப் பயந்து அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "எந்திரிச்சுருவாங்க கண்ணு, தங்காள் வந்து எழுப்பீரும்" என்றார் அம்மா. மறுநாள் காலை அவர் மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ஓர் ஆள் ஓர் இரவு முழுக்க இன்னொருவராக இருந்து, செத்து, திரும்பி வருவதற்குக் கொங்கு நாட்டில் யாரும் விதிநூல் அச்சிட்டு விற்கவில்லை. ஊருக்கே விதி தெரியும்.

சடங்கையும் விளையாட்டையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. சடங்கில் நம்பிக்கை இருக்கிறது, முறைமை இருக்கிறது, யார் விழலாம் யார் விழக்கூடாது என்பது இருக்கிறது. விளையாட்டில் யாரும் யாராகவும் ஆகலாம். அந்த வேறுபாட்டில்தான் சிக்கலும் இருக்கிறது.

தெய்வத்துக்கு எத்தனை எண்?

1976இல் டிஎஸ்ஆர் வெளியிட்ட துணைநூல் ஒன்றில் உலகப் புராணங்களின் தெய்வங்கள் விளையாட்டுக்கான எண்களோடு பட்டியலிடப்பட்டன. இந்தியத் தெய்வங்களும் உண்டு. 1980இல் அது விரிந்து தனி நூலானது. இந்திரன், அக்னி, காளி, விஷ்ணு எல்லோருக்கும் எத்தனை அடி தாங்குவார், எவ்வளவு அடிப்பார் என்று கணக்கு. முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் எரிச்சல். நம் வீட்டுப் பூஜையறையை எவனோ பார்க்காமலே அளந்து எழுதிவிட்டான். ஆனால் கிரேக்க, எகிப்திய, நார்ஸ் தெய்வங்களையும் அவர்கள் அப்படித்தான் அளந்திருந்தார்கள். நம் பக்கத்திலிருந்து யாரும் எழுதாதபோது அவர்களுக்குத் தெரிந்தபடி எழுதினார்கள்.

2022இல் அந்த நிலை மாறியது. அதே ஆட்டத்தின் 'ரேடியன்ட் சிட்டடெல்' தொகுப்பில் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல், வங்கத்து நதிகளையும் காடுகளையும் அடிப்படையாக வைத்து ஒரு சாகசத்தை எழுதினார். ஊர் ஆளே எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு தொடக்கம்.

அப்படியென்றால் அண்ணன்மார் கதையை எழுதலாமே, கொம்பனைவிட நல்ல பூதம் உலகத்தில் உண்டா என்று நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் என்னை நிறுத்தியது: "எழுதலாமுங்க. வேட்டுவரா யாருங்க ஆடுவாங்க?"

அந்தக் கதையில் வேட்டுவர் எதிரிகள். நம் ஊரில் வேட்டுவர் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களிடம் அந்தப் போருக்கு வேறு நினைவு இருக்கும், வேறு நியாயம் இருக்கும். உழுகுடி காட்டை அழித்து நிலமாக்கிய கதையை, காட்டில் இருந்தவர் பக்கமிருந்தும் சொல்லலாம் அல்லவா? இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. 'ஆர்க்' என்ற இனம் பிறப்பிலேயே கொடியது, வெட்டித் தள்ளலாம் என்று 40 ஆண்டுகளுக்கு மேல் ஆடிவிட்டு, 2020இல் அந்தச் சித்திரிப்பை மாற்றப்போவதாக விசார்ட்ஸ் நிறுவனம் அறிவித்தது. அங்கே ஆர்க் கற்பனை. இங்கே அப்படி இல்லை. 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகன் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் இது. கோயிலையும் சாதியையும் தொடும் எந்தக் கதையும் இங்கே வெறும் கதையாக இருப்பதில்லை.

ஆனால் பயந்து ஒதுங்குவதற்கும் இது காரணமாகிவிடக் கூடாது. கதை நடத்துபவர் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கும் ஆட்டத்தில், வேட்டுவப் பெண்ணாக உட்கார்ந்திருப்பவர் பொன்னரிடம் நேரடியாகப் பேசலாம். போர் நடக்காமலும் போகலாம். பாடகர் மாற்ற முடியாத முடிவை மேசையில் இருக்கும் நாலு பேர் மாற்றலாம். ஓட்டையை வேண்டுமென்றே விட்டுவைத்த வடிவம் அது. பெக் பின்னாளில், தமிழ் ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகத்தோடு சேர்ந்து இந்தக் கதையை 26 பகுதி அசைவூட்டத் தொடராகவும் சித்திரக்கதையாகவும் கொண்டுவந்துவிட்டார். ஓலப்பாளையத்து உடுக்கை கனடா போய்ச் சித்திரக்கதையாகித் திரும்பியிருக்கிறது. இரண்டாம் பாதிக்கான கப்பல் இப்போதாவது கிளம்பலாம்.

எடைக்குப் போகும் முன்

கொங்கு நாடு காகிதம் செய்கிற ஊர். பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையில் சேஷசாயி ஆலை 1962 முதல் ஓடுகிறது. கரூர் புகழூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் எடுக்கும் டிஎன்பிஎல், லயன் காமிக்ஸ் பிறந்த அதே 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. பழைய தாளை வாங்கிக் கூழாக்கி அட்டை செய்யும் சிறு ஆலைகளும் நிறைய. எடைக்குப் போட்ட இதழ் ஒரு வாரத்தில் நூல் சுற்றும் கோனாகக்கூடத் திரும்பி வரலாம். மட்டித்தாளில் மரத்தின் லிக்னின் போகாமல் இருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டே மஞ்சளாகி, ஒடிந்து, உதிர்ந்துவிடும். காப்பாற்றாவிட்டால் இரண்டு வழியிலும் அழிவுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளுமே 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் ஆய்வு நூலகமாயின. பொழுதுபோக்காகச் சேர்த்ததுதான் பிறகு வரலாறு ஆனது. ஈரோட்டிலும் கோவையிலும் சேலத்திலும் முத்து, லயன், ராணி முழு வரிசையையும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். பைண்டு செய்யும்போது கதையை மட்டும் வைத்துக்கொண்டு விளம்பரத்தையும் வாசகர் கடிதத்தையும் கழித்துக் கட்டாதீர்கள். கதை பிரிட்டனிலோ இத்தாலியிலோ எப்படியும் இருக்கும். கோபிச்செட்டிபாளையத்துப் பையன் 1986இல் ஆசிரியரோடு போட்ட சண்டை அந்த ஒரு பக்கத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை.

அட்டை கிழிந்த அந்த டிராகன் இப்போதும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் என் மகளும் அவள் தோழிகள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து அதில் இருந்த ஒரு கோட்டையின் வரைபடத்தை எடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பகடைக்கு வீட்டில் கிடந்த தாயக்கட்டை. விதி புரியாத இடத்தில் அவர்களே ஒன்றை வைத்துக்கொண்டார்கள். கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"பன்னி" என்றாள். "ஆனா அது கெட்டதான்னு இன்னும் முடிவு பண்ணலப்பா."